எந்த டேங்க்?



முதலில் ஒரு கேள்வி. இந்த அரங்கில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்கள் யார் யார்? கை தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா, இத்தனை பேரா! அப்படியென்றால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று நான் வரிசையாகச் சொன்னாலே போதும், உங்களுக்கு மின்சார ரயில் சத்தம் காதில் கேட்கும். கூடவே ஆவடி டேங்க் ஃபேக்டரி சங்குச் சத்தமும் கேட்கும்.

இன்று அந்த டேங்க் என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நாம் குடிவந்த இந்த நாட்டில் நம் பிள்ளைகள் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிஷில் என்ன என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளை உடனே பதில் சொல்லாது. எந்தப் பொருளில் என்று திருப்பிக் கேட்கும். மீன் வளர்க்கும் டேங்க் என்றால் ‘பெசேரா’. குளம் என்றால் ‘எஸ்தாங்கே’. காரில் பெட்ரோல் போடுகிற டேங்க், ஸ்பெயினில் ‘தெபோசித்தோ’, மெக்சிகோவில் ‘தாங்கே’. போர் டேங்கும் ‘தாங்கே’தான், ஆனால் ஸ்பெயின் ராணுவத்தில் அதற்கு ‘கார்ரோ தே கொம்பாத்தே’ என்று தனிப் பெயர். அகராதியில் முதலில் வருகிற சொல்லை எடுத்து எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, பெற்றோர்களே, அதே பிள்ளை உங்களிடம் வந்து, “அம்மா, டேங்குக்குத் தமிழில் என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? (சிரிக்கிறீர்கள். ‘டேங்க்’தான் என்று சொல்லுவோம், இல்லையா?)

பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். அரசாங்கத்தின் ஆங்கிலப் பதிவேட்டில் அது டேங்க். நமக்கு அது ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையே அந்த 24 அடியைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஏரியோடு கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், ஆயக்கட்டு என்று ஒரு குடும்பமே வருகிறது. திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனால் அங்கே இருப்பதும் ஆங்கிலத்தில் டேங்க். நமக்கோ அது குளம். அம்பத்தூர் ஏரியை யாராவது குளம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் முன்வரிசையில் தலையாட்டுகிறார். அவர் ஊரில் வயலுக்குப் பாய்கிறதும் குளம்தான். மதுரை, இராமநாதபுரத்துக்காரருக்கு அதுவே கண்மாய். வன்னியிலிருந்து வந்த சொந்தங்களுக்கு இரணைமடுக் குளம். வீட்டு மொட்டைமாடியில் இருப்பதை நாம் தண்ணீர்த் தொட்டி என்போம்; யாழ்ப்பாணத்தில் தண்ணீர்த் தாங்கி என்பார்கள். இடமும் பயனும் தெரிந்தால்தான் சொல் சரியாக வந்து விழும்.

ஆவடிக்கு வருவோம். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் முதல் விஜயந்தா போர் டேங்க் வெளியே வந்தது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய பேத்தி இந்த நாட்டில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்காக ‘என் தாத்தா’ என்று கட்டுரை எழுதினாள். ஆங்கிலத்தில் யோசித்து, போனில் சொல் தேடி, “என் தாத்தா தொட்டி செய்யும் ஆலையில் வேலை செய்தார்” என்று எழுதி, வீடியோ காலில் அவருக்கே வாசித்தும் காட்டினாள்.

அவர் கோபிக்கவில்லை. “கண்ணு, தாத்தா செஞ்சது தண்ணி ஊத்துற தொட்டி இல்லம்மா. பாலைவனத்துல ஓடிக் குண்டு போடுற டேங்கு. ஒண்ணு நாப்பது டன் இருக்கும்” என்றாராம். அவ்வளவுதான்! பீரங்கிக் குழல் எவ்வளவு நீளம், உள்ளே எத்தனை பேர் உட்காரலாம், வெயிலில் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் விடாமல் கேட்டிருக்கிறாள், தமிழிலேயே. பத்திரிகைகள் டாங்கி என்று எழுதுவதையும் அவர் சொல்லிக்கொடுத்தார். ஒரு சொல்லைத் திருத்தப் போய், தாத்தாவின் உழைப்பு முழுவதும் பேத்திக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கதை. டேங்க் என்ற ஆங்கிலச் சொல்லே நம் நாட்டிலிருந்து போனது. குஜராத்தியிலும் மராத்தியிலும் தண்ணீர் சேமிக்கும் இடத்துக்கு இருந்த சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். போர்ச்சுக்கீசியரின் சொல்லும் கூடச் சேர்ந்துகொண்டது. முதல் உலகப் போரில், புதிய இரும்பு வண்டியை ரகசியமாகச் செய்தபோது, எதிரிக்குத் தெரியாமலிருக்க அதைத் தண்ணீர் டேங்க் என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று அது பிரான்சில் சோம் போர்க்களத்தில் இறங்கியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தண்ணீராகப் போன சொல் இரும்பாகி ஆவடிக்குத் திரும்பி வந்தது.

பெற்றோர்களே, என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷில் பொருள் பார்த்துச் சொல் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்குத் தமிழில் அந்தத் திறமை இல்லாமல் போகவில்லை. தேர்ந்தெடுக்க அதன் கையில் நாலு சொல் இல்லை. ஏரி, குளம், தொட்டி, டாங்கி எல்லாவற்றையும் நாமே ‘டேங்க்’ என்று சொல்லிவிட்டால் பிள்ளை எதிலிருந்து தேர்ந்தெடுக்கும்? அந்த நாலு சொல்லையும் போன் தராது. வீடுதான் தர வேண்டும்.

அதனால் மூன்று வேண்டுகோள். பிள்ளை ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டால், எதைச் சொல்கிறாய் என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு சொல்லுங்கள். வீட்டில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒன்று வாங்கி வையுங்கள். அதில் சொல்லின் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனால், கடைத்தெருவுக்குப் போகிற நாட்களில் ஒரு நாளை மிச்சம் பிடித்து, பிள்ளையை ஏரிக்கரையில் நடக்க வைத்து, இது மதகு, அது கலங்கல் என்று கைகாட்டிச் சொல்லுங்கள்.

நம் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு போட்டி வையுங்கள். ஆளுக்கு ஓர் ஆங்கிலச் சொல். ஊரில் உள்ள தாத்தா பாட்டியிடம் போனில் பேசி, அதற்கு எத்தனை தமிழ்ச் சொல், எது எங்கே பொருந்தும் என்று பிள்ளைகள் மேடையில் வந்து சொல்லட்டும். முதல் பரிசை நான் தருகிறேன்.