காசு வந்தது, பிள்ளை என்ன சாப்பிட்டது?



முள்ளிவாய்க்காலில் நின்று பசியைப் பற்றிப் பேசுபவர் போர் முடிந்த 2009ஐத் தாண்டிவிட்டுப் பேச முடியாது. அன்று உயிர் காத்த அரிசிக் கஞ்சியை இன்றும் ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிப் பகிர்கிறோம். அந்த நினைவை வணங்கி, அதற்குப் பின் வந்த பசிக்கு வருகிறேன். கூரையும் அடுப்பும் உள்ள வீட்டுப் பசி அது.

2012/13இல் வறுமையில் நாட்டிலேயே முதலிடம் எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு: 28.8 வீதம். 2016இல் இங்கே 12.7 வீதமாக இறங்கியபோது முதலிடம் கிளிநொச்சிக்குப் போனது. வன்னியை விட்டுப் போகவில்லை. பிறகு 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படியே உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

2023 யூலையில் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் அதிகபட்சம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500. 2025 தொடக்கத்தில் அவை 17,500, 10,000 ஆயின. காசு நேரே வங்கிக்கு வருவது நல்லது. யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளைத் தெரிவு செய்யும் 22 குறிகாட்டிகளில் வீடும் சொத்தும் அடக்கம். கூலிக்குப் போகும் தாய் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டில் தனியே பிள்ளை வளர்க்கிறாள் என்றால், சுவரைப் பார்த்துப் போட்ட புள்ளி அவளது பானையைச் சொல்லாது.

கடைக் கடன் கொப்பியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கோதுமை மா, சீனி, தேயிலை, பருப்பு கால் கிலோ. முட்டை அருமை. வங்கியில் காசு விழுந்த அன்றே அதில் பெரும்பகுதி இந்தக் கொப்பிக்குப் போகிறது. மறுநாள் புதுப் பக்கம் தொடங்குகிறது. நந்திக்கடல் களப்பில் பிடிபடும் இறாலும் நண்டும் வியாபாரியின் பெட்டிக்குப் போக, பிடித்தவர் வீட்டுப் பிள்ளை ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறது. இதில் தாய்மாரைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடனை அடைக்காவிட்டால் அடுத்த கிழமை மாவும் இல்லை.

கொடுக்கும் காசு விலையை எட்டாது என்பது நாட்டுக்குப் புதிய பாடமும் அல்ல. 1979இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி அப்படியே நிற்க, விலை ஏறியது. சில ஆண்டுகளில் மிக வறிய ஐந்திலொரு பகுதி மக்களின் கலோரி குறைந்தது. விலையோடு சேர்ந்து ஏறாத உதவி ஆண்டுக்காண்டு வெட்டப்படும் உதவிதான். அறிவிப்பு மட்டும் வராது. தேர்தலும் வரவு செலவுத் திட்டமும் வரும்வரை காத்திராமல், உணவு விலைச் சுட்டியோடு அஸ்வெசுமத் தொகையைச் சட்டப்படி கட்டிவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் இந்த அரங்கிலேயே மறுக்கலாம்.

ஆய்வுக் கட்டுரை படிக்க வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை குடும்பத்துக்குக் காசு சேர்ந்தது என்ற அட்டவணை அமைச்சிடம் இருக்கிறது. அடுத்த காசு வருவதற்கு முந்திய கிழமையில் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்டறிந்தவர்கள், அந்த விபரத்தை முதலில் இங்கே வையுங்கள்.