பகல் நிலாவுக்கு முன்னாடி ஒரு வானம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



சாயங்காலம் நாலு மணி. காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போறீங்க. நிமிர்ந்து பாத்தா, கிழக்குப் பக்கம் நல்ல உயரத்துல, பாதி உடைஞ்ச அப்பளம் மாதிரி நிலா. சும்மா இருக்க முடியுமா? போனை எடுத்து ஜூம் பண்ணி ஒரு க்ளிக். படத்துல என்ன வருது? நீலத் துணில சுண்ணாம்பு பட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கறை. பள்ளமும் இல்ல, மேடும் இல்ல. சரி, எடிட்ல பாத்துக்கலாம்னு கான்ட்ராஸ்ட்டை ஏத்துனா படம் முழுக்கப் பொரி பொரியா வருது.

நானும் ரொம்ப நாள் இதைத்தான் பண்ணிட்டிருந்தேன். வேலை பாக்குற துறை அப்படி. "இப்போ ரிலீஸ் பண்ணுவோம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" பழக்கம். இந்த விஷயத்துல அது செல்லாது. ஏன் செல்லாது, அதுக்குப் பதிலா என்ன பண்ணலாம், எதைப் பண்ணவே கூடாது. இன்னைக்கு இந்த மூணும்தான்.

வானம் எங்க இருக்கு?

முதல்ல ஒரு கேள்வி. பகல்ல நிலாவைப் பாக்கும்போது நீல வானம் நிலாவுக்குப் பின்னாடி இருக்கா, முன்னாடி இருக்கா?

பின்னாடி இருக்குற மாதிரிதான் தோணும். நீலச் சுவர்ல நிலாவை ஒட்டி வெச்ச மாதிரி. ஆனா நிலா இருக்குறது சராசரியா 3,84,400 கிலோமீட்டர் தூரத்துல. நீலமா ஒளிர்ற காத்து நம்ம தலைக்கு மேல சில பத்து கிலோமீட்டருக்குள்ளயே முடிஞ்சிடுது. அப்போ வானம் நிலாவுக்கு முன்னாடிதான் இருக்கு. நிலாவோட முகத்து மேலயும் அந்த நீலம் பூசியிருக்கு.

ஆதாரம் வேணுமா? ராத்திரி நிலாவுல அடர் சாம்பல் நிறத்துல திட்டுத் திட்டா தெரியும்ல, அதே இடங்களைப் பகல்ல பாருங்க. வானத்தோட நீலத்துலயே இருக்கும். வெயில் படாத பாதி நிலா சுத்தமா வானத்தோட கரைஞ்சு போயிருக்கும். டியூப் லைட் எரியுற ரூம்ல ப்ரொஜெக்டர்ல படம் பாத்திருக்கீங்களா? படத்துல வர்ற கறுப்பு, கறுப்பாவே இருக்காது. திரை மேல விழுற டியூப் லைட் வெளிச்சத்தைவிட எந்த இடமும் இருட்டா ஆக முடியாது. பகல் நிலாவுக்கு அந்த டியூப் லைட், வானம்.

கழிச்சிட்டா போகாதா?

இங்கதான் நம்ம ஆளுங்க கை தூக்குவாங்க. "எல்லா பிக்சல்லயும் வானத்தோட வெளிச்சம் சமமா கூடியிருக்கு. அந்த அளவைக் கழிச்சிட்டா மிச்சம் நிலாதானே?"

கணக்குப்படி சரி. ஆனா ஒளி குழாய்த் தண்ணி மாதிரி சீரா வர்றதில்ல, மழைத்துளி மாதிரி வருது. ஒரே அளவு பக்கெட் ரெண்டை மழையில வெச்சா ரெண்டுலயும் துல்லியமா ஒரே எண்ணிக்கையில துளி விழாது. சராசரியா எத்தனை ஃபோட்டான் வருதோ, அதோட வர்க்கமூலம் அளவுக்கு ஏத்த இறக்கம் இருக்கும். போட்டோல பொரி பொரியா தெரியுற நாய்ஸ்ல பெரும்பங்கு அதுதான். தமிழ்ல இரைச்சல்.

உதாரணத்துக்கு, ஒரு பிக்சலுக்கு நிலாலேர்ந்து 100 ஃபோட்டான், வானத்துலேர்ந்து 900. மொத்தம் 1000. இரைச்சல் கிட்டத்தட்ட 32. இப்போ 900-ஐக் கழிங்க. நிலாவோட 100 மிஞ்சும். இரைச்சல்? அதே 32 அப்படியே உக்காந்திருக்கும். வானமே குறுக்க வராம இருந்திருந்தா அது வெறும் 10. ஆக, வானத்தோட சராசரியைத்தான் எடிட்ல கழிக்க முடியும். அது கொண்டுவந்த இரைச்சலைக் கழிக்க முடியாது. வெளிச்சம் சென்சாருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே வடிகட்டணும். ஃபில்டரோட வேலை இதுதான்.

பதினாறு மடங்கு

எதை வடிகட்டணும்? வானம் ஏன் நீலம்னு 1871-ல லார்ட் ரேலே கணக்குப் போட்டுக் காட்டினார். காத்துல இருக்குற மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கிற அளவு, அலைநீளத்தோட நாலாம் அடுக்குக்கு எதிர்விகிதம். பயப்படாதீங்க, ஒரே ஒரு கணக்குதான். 400 நானோமீட்டர் ஊதா ஒளியையும் 800 நானோமீட்டர் அகச்சிவப்பையும் எடுத்துக்கோங்க. அலைநீளம் ரெண்டு மடங்கு. ரெண்டோட நாலாம் அடுக்கு 16. அப்போ அகச்சிவப்பு 16 மடங்கு கம்மியா சிதறும். அந்த நிறத்துல பாத்தா வானம் இருட்டு.

நிலா? அது வெயிலைத் திருப்பி அனுப்புற பாறையும் தூசியும். அகச்சிவப்புப் பக்கம் போகப் போக அது திருப்பி அனுப்புற விகிதம் குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். வானம் அணையுது, நிலா நிக்குது.

நம்ம கண்ணுக்கு 700 நானோமீட்டரைத் தாண்டி ஒண்ணும் தெரியாது. கேமராவோட சிலிக்கான் சென்சாருக்கு 1100 வரைக்கும் தெரியும். ஆனா அந்த வெளிச்சம் கலந்தா நிறம் கெட்டுடும்னு கம்பெனிக்காரங்களே சென்சாருக்கு முன்னாடி அகச்சிவப்பைத் தடுக்குற ஒரு கண்ணாடியை வெச்சிடுறாங்க. வீட்டு டிவி ரிமோட்டைப் போன் கேமராவுக்கு நேரா பிடிச்சு பட்டனை அமுக்குங்க. முன் கேமராவுல ஊதாவா ஒரு மினுமினுப்பு தெரிஞ்சா, அந்தத் தடுப்பு கொஞ்சம் லேசுன்னு அர்த்தம்.

நான் பண்ண தப்பு

இதெல்லாம் பாதி தெரிஞ்ச நிலைமையில நான் ஹோயா ஆர்72-ன்னு ஒரு ஃபில்டர் வாங்கினேன். 720 நானோமீட்டருக்கு மேல இருக்குறதை மட்டும் விடும். என்னோட சாதாரண கேமராவுல மாட்டினேன். கும்மிருட்டு. யோசிச்சுப் பாருங்க, வெளிய இருக்குற ஃபில்டர் 720-க்கு மேல மட்டும் வாங்குது. உள்ள இருக்குற கண்ணாடி 700-க்கு மேல வராதேங்குது. டேட்டாபேஸ்ல "வயசு 30-க்கு மேல, அதே சமயம் 25-க்குக் கீழ" உள்ளவங்களைத் தேடுன மாதிரி. ரிசல்ட் காலி.

கசிஞ்சு வர்ற கொஞ்ச வெளிச்சத்துக்காக ஷட்டரைப் பல நொடி திறந்து வெச்சேன். நிலா சும்மா நிக்குமா? ரெண்டு நிமிஷத்துல தன்னோட அகலம் அளவுக்கு வானத்துல நகர்ந்துடும். நாலு நொடி திறந்தாலே அகலத்துல முப்பதுல ஒரு பங்கு நகர்வு. படம் கலங்கிப் போச்சு. அதனால காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இந்த வரிசையில போங்க.

செலவில்லாம ஆரம்பிக்கலாம்

முதல் படி, சிவப்பு சேனல். ரா ஃபைல்ல எடுத்து, நீலம், பச்சை சேனலைத் தூக்கிட்டு சிவப்பை மட்டும் கறுப்பு வெள்ளையா மாத்துங்க. 650 நானோமீட்டர் சிவப்பு, 450 நானோமீட்டர் நீலத்தைவிட நாலு மடங்குக்கு மேல கம்மியா சிதறும். பாக்கெட்லேர்ந்து பைசா போகாது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இது எடிட் தானேன்னு கேக்காதீங்க. சென்சார்லயே சிவப்புப் பிக்சல்களுக்கு மேல சிவப்பு ஃபில்டர் ஒட்டியிருக்கு. வடிகட்டுற வேலை முன்னாடியே நடந்துடுச்சு, நீங்க அந்தப் பிக்சல்களைத் தேர்ந்தெடுக்கிறீங்க, அவ்வளவுதான்.

ரெண்டாவது, போலரைசர். லேண்ட்ஸ்கேப் எடுக்குறவங்க கிட்ட சி.பி.எல் ஃபில்டர்னு கேட்டா இருக்கும். வானத்துலேர்ந்து வர்ற சிதறல் ஒளி, சூரியன்லேர்ந்து 90 டிகிரி தள்ளி இருக்குற இடத்துலதான் அதிகமா ஒரே தளத்துல அதிரும். அங்க போலரைசரைத் திருப்பினா வானம் சட்டுனு இருளும். நிலா எப்போ சூரியன்லேர்ந்து 90 டிகிரி தள்ளி இருக்கும்? பாதி நிலா அன்னைக்கு. பாட்டி வீட்டு நாள்காட்டில அதுக்கு ஒரு பேர் இருக்கு: அஷ்டமி. ஒரு திதிக்கு 12 டிகிரி. எட்டாவது திதி 84-லேர்ந்து 96 வரைக்கும். நட்ட நடுவுல 90. நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்காதேன்னு சொல்ற அதே நாள்தான் நமக்கு ராசியான நாள். வளர்பிறை அஷ்டமின்னா மதியத்துக்கு மேல கிழக்குப் பக்கம் தேடுங்க. தேய்பிறைன்னா காலைல மேற்குப் பக்கம்.

மூணாவதுதான் அகச்சிவப்பு ஃபில்டர். இதுக்கு உள் தடுப்பு இல்லாத கேமரா வேணும். வானியலுக்குன்னே விக்குற கேமராக்கள்ல பல அப்படித்தான், குறிப்பா மோனோ சென்சார் வகை. ஃபில்டர் 685, 742, 807, 850-ன்னு வேற வேற அளவுல கிடைக்கும். எண் கூடக் கூட வானம் இன்னும் இருட்டாகும், உள்ள வர்ற வெளிச்சமும் குறையும். லென்ஸ்ல எடுத்தா ஃபோகஸை மறுபடி சரி பண்ணணும். அகச்சிவப்பு வேற இடத்துல குவியும். பழைய லென்ஸ்கள்ல அதுக்குன்னே ஒரு சிவப்புக் கோடோ புள்ளியோ போட்டிருப்பாங்க. கண்ணாடி முகம் பாக்குற மாதிரி ஆடியால குவிக்கிற டெலஸ்கோப்ல இந்தத் தொல்லை இல்ல.

இலவசமா எதுவும் வர்றதில்ல. 150 மில்லிமீட்டர் டெலஸ்கோப்ல பச்சை ஒளில, அதாவது 550 நானோமீட்டர்ல, நிலாவுல சுமார் 1.7 கிலோமீட்டர் அளவு வரைக்கும் பிரிச்சுப் பாக்கலாம். 850-ல அது 2.7 கிலோமீட்டர் ஆயிடும். அலைநீளம் கூடினா நுணுக்கம் குறையும். ஆனா பகல்ல வெயில் பட்ட மாடித்தளத்துலேர்ந்து எழும்புற சூடான காத்து படத்தை ஆட்டிவெக்கும் பாருங்க, அந்த ஆட்டம் அகச்சிவப்புல கம்மி. அதனால நிஜத்துல கிடைக்கிற படம் பெரும்பாலும் கூர்மையாவே இருக்கும். இன்னொண்ணு, மூட்டம். தூசியும் ஈரப்பதமும் நிறைஞ்ச வெள்ளை வானத்துல இந்தப் பதினாறு மடங்கு கணக்கு வேலை செய்யாது. பெரிய துளிகள் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும். மழை பெஞ்சு கழுவிவிட்ட வானத்துக்குக் காத்திருங்க.

2013 ஜூலை 8

இந்த முறையை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? பிரான்ஸ்ல தியரி லெகோன்னு ஒரு வானியல் புகைப்படக்காரர். 2013 ஜூலை 8, உலக நேரம் 7:14. துல்லியமா அமாவாசை முடியுற கணம். பாரிஸ் பக்கத்துல எலான்கூர்ங்குற ஊர்லேர்ந்து, பட்டப்பகல்ல, அந்தக் கணத்து நிலாவோட நூலிழைப் பிறையை அகச்சிவப்புல படம் எடுத்தார். சூரியன்லேர்ந்து நிலா வெறும் 4.4 டிகிரி தள்ளி இருந்தது. கையை நீட்டி முஷ்டி பிடிச்சா அது சுமார் 10 டிகிரி. அதுல பாதிகூட இல்ல.

ரமலான் பிறைக்காக மாடில காத்திருந்தவங்களுக்கு இதோட கனம் புரியும். சூரியனுக்கு சுமார் 7 டிகிரிக்குள்ள நிலா வந்துட்டா கண்ணுக்குப் பிறையே தெரியாதுன்னு ஒரு எல்லை சொல்வாங்க, டான்ஜான் எல்லைன்னு பேரு. லெகோ எடுத்தது அதுக்கும் உள்ள. கண்ணால பிறை பாக்குறதுக்கு இது மாற்று இல்ல, கேமரா மட்டும் பாத்த பிறை. அகச்சிவப்புலயே வானம் அந்தப் பிறையைவிட 400 மடங்கு பிரகாசம்னு அவர் சொல்றார். 4000 படிநிலை பதிவாகுற கேமராவுல வானமே எல்லாத்தையும் நிரப்பிடுச்சுன்னு வெச்சுக்கோங்க, பிறையோட பங்கு பத்துப் படிதான். வெறும் நீல வானத்துல எடுத்துட்டு எடிட்ல தேடியிருந்தா அந்தப் பத்தும் இரைச்சலுக்குள்ள புதைஞ்சிருக்கும்.

தயவுசெஞ்சு இதைக் கேளுங்க

அவர் டெலஸ்கோப்புக்கு முன்னாடி ஓட்டை போட்ட ஒரு தடுப்பை வெச்சு, நேரடி வெயில் உள்ள விழாம பாத்துக்கிட்டார். நீங்க அந்த 4.4 டிகிரி படத்தை முயற்சி பண்ணாதீங்க. பாதி நிலாவே போதும்.

அகச்சிவப்பு ஃபில்டரைக் கையில பிடிச்சுப் பாத்தா கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதனாலயே இதன் வழியா சூரியனைப் பாக்கலாம்னு தோணும். கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியுற ஒளியை மட்டும்தான் அது நிறுத்துது, அகச்சிவப்பை அப்படியே உள்ள விடுது. இருட்டா இருக்குன்னு நம்பி கண்மணி விரியும், இன்னும் அதிகமா உள்ள போகும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுப் போனது உங்களுக்கு அப்புறம்தான் தெரியும். இது சூரிய ஃபில்டர் இல்ல.

டெலஸ்கோப்பையோ பெரிய லென்ஸையோ பகல்ல திருப்பும்போது, தண்ணித் தொட்டியோ மாடிப்படிச் சுவரோ சூரியனை மறைக்கிற நிழல்ல நின்னு திருப்புங்க. ஃபைண்டரை மூடி போட்டு மூடிடுங்க. கேமராத் திரையில பாத்தே நிலாவைத் தேடுங்க, கண்ணை வெச்சுத் தேடாதீங்க. மாடில சின்னப் பசங்க இருந்தா அதைத் தனியா விட்டுட்டு டீ குடிக்கக் கீழ இறங்காதீங்க.

அடுத்த அஷ்டமி என்னைக்குன்னு நாள்காட்டில பாருங்க. போனோ கேமராவோ, இருக்குறதுல ஒரு படம் எடுத்து சிவப்பு சேனலை மட்டும் தனியா பிரிங்க. நிலாவுல அந்த அடர்த்தியான திட்டுகள் எட்டிப் பாக்குதான்னு பாருங்க. அது தெரிஞ்ச பிறகு ஃபில்டர் வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பை!