மேற்கோள்களை எண்ணுவதும் கட்டுரையைப் படிப்பதும்

(முதுகலை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வைக் கணித ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பயிற்சி ஒருங்கிணைப்பாளரின் துணிச்சலைப் பாராட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளியில் பணியாற்றும் பட்டதாரி ஆசிரியை ஒருவர் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பினார். கிராஃப் தியரியில் ஆய்வு செய்ய ஆசை. இரண்டு நெறியாளர்களிடம் இடம் இருந்தது. ஒருநாள் மதிய இடைவேளையில் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். “சார், இவருக்கு எச் குறியீடு 40. அவருக்கு 9தான். வீட்டில எல்லாரும் 40 இருக்கிறவரிடமே சேரச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவருடைய ஐந்தாறு ஆண்டு உழைப்பும், சனி ஞாயிறுகளும், கட்டணமும் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருந்தன. நான் உடனே பதில் சொல்லவில்லை. “டீச்சர், அந்த 40 என்றால் என்ன என்று தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டேன். “பெரிய எண் சார்” என்றார். இங்கே இருப்பவர்களில் முனைவர் பட்டம் முடித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால் அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

எச் குறியீட்டைக் கணக்கிட எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஓர் ஆய்வாளர் எட்டுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் பிறர் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை இறங்கு வரிசையில் எழுதுவோம்: 48, 20, 9, 6, 5, 3, 1, 0. இப்போது வரிசை எண்ணையும் மேற்கோள் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள்கள், சரி. ஆறாவதற்கு 3தான், போதவில்லை. எனவே அவருடைய எச் குறியீடு 5. அதாவது குறைந்தது ஐந்து மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் ஐந்து அவரிடம் உள்ளன. இதே எண்களுக்குச் சராசரி 11.5, இடைநிலை அளவு 5.5. வேறொருவர் நான்கே கட்டுரைகள் எழுதினார். அவற்றுக்கு 2000, 3, 2, 1 மேற்கோள்கள். சராசரி 501.5. எச் குறியீடு? வெறும் 2. சராசரி, இடைநிலை அளவு பாடம் நடத்தும்போது இந்த இரண்டு வரிசைகளையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். இவர்களில் யார் பெரியவர் என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் இந்தக் குறியீட்டை முன்மொழிந்தார். இருபது ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 20 இருந்தால் வெற்றிகரமான அறிவியலாளர், 40 இருந்தால் தலைசிறந்தவர் என்று ஓர் அளவும் சொன்னார். ஆனால் அது இயற்பியலுக்குச் சொன்னது. மருத்துவ உயிரியலில் ஒரு கட்டுரையின் கீழே ஐம்பது அறுபது மேற்கோள்கள் இருப்பது சாதாரணம். கணிதக் கட்டுரையில் பதினைந்து இருபதோடு முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே துறை தாண்டி இந்த எண்ணை ஒப்பிடக் கூடாது. ஒரே ஆளுக்குக்கூட கூகுள் ஸ்காலரில் ஓர் எண் வரும், ஸ்கோபஸில் இன்னொன்று வரும். எந்தெந்த இதழ்களை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

தமிழ் ஆசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு கேள்வி. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த உ.வே.சா.வின் எச் குறியீடு என்ன? அவர் பதிப்பைக் கைக்கொள்ளாத சிலப்பதிகார ஆய்வு எத்தனை இருக்கும்? ஆனால் தமிழில் அச்சான நூல்களையும் இதழ்களையும் அந்தத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. பார்க்காததை எப்படி எண்ணும்?

சரி, மேற்கோள்களை எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது? இது எனக்கு மிகவும் பிடித்த கதை. அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடுவார்கள். எதிர்த்தரப்பு எழுந்து, அந்தத் தீர்ப்பை மேல்நீதிமன்றம் எப்போதோ மாற்றிவிட்டது என்று சொல்லிவிடும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னர் எந்தெந்தத் தீர்ப்புகள் சுட்டியுள்ளன என்ற பட்டியலை 1873 முதல் ஷெப்பர்ட் என்பவர் வெளியிட்டார். யூஜின் கார்ஃபீல்டு இந்த முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955-இல் சயின்ஸ் இதழில் எழுதினார். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்தால் அதன் வாரிசுகளையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். அதாவது அது தேடுவதற்கான கருவி. மதிப்பெண் போடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். சீர்காழியில் பிறந்து, அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் சொல்லி, அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். நூலை எண்ணத் தொடங்கியதில் ஒரு கணித ஆசிரியரின் பங்கும் உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். அவர் எண்ணச் சொன்னது வாசகனுக்குப் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

கார்ஃபீல்டின் அட்டவணையிலிருந்து பிறந்த இன்னொன்று இதழ்களின் தாக்கக் காரணி. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இதை வைத்து ஆளை எடைபோடுகிறார்கள். ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதம் 98 என்றால், அங்கே படித்த ஒவ்வொரு பிள்ளையும் 98 மதிப்பெண் வாங்கியது என்று நாம் சொல்வோமா? இரண்டு ஆண்டு என்ற கணக்கும் எல்லாருக்கும் பொருந்தாது. ராமானுஜன் 1920 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகளைப் பற்றிச் சொன்னார். அவை உண்மையில் என்ன என்பது ஸ்வேகர்ஸ் என்பவரின் 2002-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் தெளிவானது. இடையில் 82 ஆண்டுகள்.

அதிக மேற்கோள் என்றால் அதிகச் சிறப்பு என்பதும் சரியல்ல. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைப் பற்றி லவ்ரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951-இல் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் கட்டுரை அதற்கு அருகில்கூட வராது. ஆய்வகத்தில் புரதம் அளந்தவர்கள் எல்லாரும் லவ்ரியைக் குறிப்பிட்டார்கள், அவ்வளவுதான். பயன்பாட்டை அளப்பதற்கு மேற்கோள் உதவும். மேதைமையை அளப்பது வேறு.

இன்னொரு பக்கம் பீட்டர் ஹிக்ஸ். 2013-இல் நோபல் பரிசு பெற்றபோது ஒரு நேர்காணலில் அவரே சொன்னார்: 1964-க்குப் பிறகு பத்துக்கும் குறைவான கட்டுரைகளே எழுதினாராம். சமீபத்திய வெளியீடுகளின் பட்டியலைத் துறை கேட்கும்போதெல்லாம் ‘எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்புவாராம். இன்றைய சூழலில் தனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தந்திருக்காது என்றும் சொன்னார்.

இனி பூனைக் கதை. 1975-இல் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் ‘நாங்கள்’ என்றே எழுதிவிட்டார். ஒரே ஆசிரியர் என்றால் அதை ஏற்க மாட்டார்கள் என்று நண்பர் சொன்னார். தட்டச்சுக் காலம், முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். தன் சயாமியப் பூனைக்கு வில்லார்டு என்று பெயர் சூட்டி இணை ஆசிரியராக்கிவிட்டார். அது விளையாட்டு. 2024-இல் நடந்தது விளையாட்டல்ல. மேற்கோள்கள் விலைக்கு விற்கப்படுவதைக் கவனித்த ஆய்வாளர்கள் இருவர், லாரி என்ற பூனையின் பெயரில் கணினி உருவாக்கிய பொருளற்ற கட்டுரைகளை இணையத்தில் ஏற்றினார்கள். அவற்றை மேற்கோள் காட்டும் இன்னும் சில போலிக் கட்டுரைகளையும் ஏற்றினார்கள். சில நாள்களில் கூகுள் ஸ்காலரில் லாரியின் எச் குறியீடு 11 ஆகிவிட்டது. எங்கள் டீச்சர் பார்த்த இரண்டாவது நெறியாளருக்கு 9 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கிறீர்கள். என் கதையைக் கேட்டால் சிரிப்பு குறையலாம். நான் பகுதிநேர ஆய்வு செய்தபோது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. கால அவகாசம் முடியப்போகிறது. ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய மூன்றாம் நாள் கட்டுரை ஏற்கப்பட்டது. ஒரு வரி திருத்தம்கூடச் சொல்லவில்லை. 3,500 ரூபாய் கட்டினேன், அச்சாகிவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, பன்னிரண்டாம் வகுப்பில் ஆர்வமுள்ள ஒரு மாணவனுக்கு அந்த முடிவைக் காட்டினேன். நோட்டின் பின்பக்கத்தில் ஆறு புள்ளிகளை வைத்துப் போட்டுப் பார்த்தான். “சார், ரெண்டு கோட்டுக்கும் ஒரே நம்பர் வருதே” என்றான். வந்தது. புள்ளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் என் நிரூபணம் நிற்காது. படித்துப் பார்க்கும் ஒரே ஒருவர் இருந்திருந்தால் அன்றே பிடித்திருப்பார். 3,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது, யாரும் படிக்க மாட்டார்கள் என்ற உத்தரவாதத்தைத்தான். இதழுக்கு எழுதினேன், பதில் இல்லை. கட்டுரை இன்னும் இருக்கிறது. நான்கு மேற்கோள்களும் இருக்கின்றன. இரண்டு, அதே இதழில் என்னைப் போலவே பணம் கட்டியவர்கள் எழுதியவை. ஒன்று சந்தை ஆய்வு பற்றியது, அதில் என் கட்டுரைக்கு என்ன வேலை என்று எனக்கே புரியவில்லை. நான்காவது மேற்கோளைக் காட்டியது நானே.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிகள் நீக்கின. எனவே இப்போது சேருபவர்களுக்கு என்னைப் போன்ற நெருக்கடி குறைவு. ஆனால் பதவி உயர்வு, தரவரிசை, செய்தித்தாளில் வரும் பட்டியல்கள் என்று எண்ணின் பிடி தளர்ந்துவிடவில்லை. ஆளை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னது. தன் குறியீட்டால் தீய விளைவுகளும் வந்துவிட்டன என்று ஹிர்ஷே 2020-இல் வருந்தி எழுதினார்.

நமக்கு இது புதிதல்ல. நூறு சதவீதம் வேண்டும் என்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே சில பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, “வேறு பள்ளி பாருங்களேன்” என்று சொல்லப்பட்டதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு சதவீதம் உயர்ந்தது. அப்படிப் போன பிள்ளைகளில் ஒருவனை பின்னாளில் ஒரு பரோட்டாக் கடையில் பார்த்தேன். “நல்லா இருக்கீங்களா சார்?” என்று விசாரித்துவிட்டு, என்னிடம் பணம் வாங்க மறுத்தான். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு வரவில்லை.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். இருவருடைய கட்டுரைகளிலும் இரண்டிரண்டை இறக்கிப் படியுங்கள் என்றேன். “எனக்குப் புரியுமா சார்?” என்று தயங்கினார். புரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த இடத்தில் புரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்னும் சிலவற்றைப் பார்க்கச் சொன்னேன். ஓராண்டில் எத்தனை கட்டுரைகள்? மேற்கோள் காட்டியவர்கள் யார், அவர்கள் அந்தக் கட்டுரையைப் பயன்படுத்தியிருக்கிறார்களா அல்லது பத்தோடு பதினொன்றாகப் பெயரைச் சேர்த்திருக்கிறார்களா? அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள்? 40 வைத்திருப்பவர் மோசமானவர் என்று நான் முன்முடிவு செய்யவில்லை. அந்த எண்ணுக்கு முழுத் தகுதியானவர்களும் உண்டு.

இரண்டு வாரம் கழித்து வந்தார். முதலாமவருக்கு ஒரே ஆண்டில் 61 கட்டுரைகள். வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல். அவற்றை மேற்கோள் காட்டியவர்களில் ஏழெட்டுப் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. இரண்டாமவரின் கட்டுரையில் நான்காம் பக்கம் வரை சென்று ஒரு துணைத்தேற்றத்தில் டீச்சர் நின்றுவிட்டார். நின்ற இடத்தைக் குறிப்பிட்டு அவருக்கே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மறுநாள் பதில் வந்தது, கையால் வரைந்த ஒரு படத்தோடு. “இந்த இடத்தில் நானும் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும்” என்று ஒரு வரியும் இருந்தது.

அடுத்த பருவத்தில் அவரிடம் சேருகிறார். அந்தப் படத்தை அச்சிட்டு ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தார். மாலை மணி அடித்த பிறகும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. தேநீர் வந்துவிட்டதாம், அமர்வை முடிக்கச் சொல்கிறார்கள். யாருக்காவது கிராஃப் தியரி தெரிந்தால் தேநீரோடு என் மேசைக்கு வாருங்கள், படம் பையில்தான் இருக்கிறது.