தொழிற்சங்கமும் தொழிற்கல்வியும்



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் குடியிருப்புகளில் கல்வி விளக்கேற்றிவரும் இக்கழகத்தின் வெள்ளிவிழாவில், ஏட்டுக் கல்வியின் உடன்பிறப்பாகிய தொழிற்கல்வி குறித்தும், அதில் தொழிற்சங்கங்களுக்குள்ள கடமை குறித்தும் சில கூற விழைகின்றோம்.

தொழிற்சங்கத்திற்குப் புதுவை மண் பட்டுள்ள கடன் பெரிது. 1936 ஜூலை 30ஆம் நாள், பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா அவர்கள் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அத்தியாகிகளை நன்றியுடன் நினைக்கின்றோம்.

ஆயினும், எத்தனை மணி நேரம் வேலை என்பது ஒரு கேள்வி. எந்த வேலை யாருக்கு என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்காத சங்கம் பாதிச் சங்கமே.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவு நம்மவர்க்கு மூடியிருந்தது. தறியில் புதிய தார் போடும்போது, நாடாவின் துளை வழியே இழையை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் அன்றிருந்தது. நம்மவர் வாய்பட்ட நாடாவைத் தொடோம் என்றனர் பிற சாதித் தொழிலாளர். கதவை அடைத்தவர் உடன் உழைத்த தோழரே. 1928 வேலைநிறுத்தத்தின்போது, எல்லாப் பிரிவுகளையும் நம்மவர்க்குத் திறக்கக் கோராவிடில் அவர்கள் துணை கிடையாது என்று டாக்டர் அம்பேத்கர் உறுதியாகக் கூறினார். அதன் பின்னரே சங்கத் தலைவர்கள் அதனைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தனர். 1938இல் மன்மாட்டில் இரயில்வேத் தொழிலாளரிடையே பேசுகையிலும், பணிமனைகளில் நம்மவர் கூலிகளாகவே வைக்கப்பட்டிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

சென்னை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இன்னொரு பாடம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர், புளியந்தோப்பில் கலகம் மூண்டது, போராட்டம் தோற்றது. ஒற்றுமை குலைந்தபின் வென்றது ஆலை நிர்வாகமே.

இன்று நம் ஊர்களைப் பாருங்கள். கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமந்தே முதுமையடைகிறாள் நம் தாய். கரணை அவள் கைக்கு வருவதில்லை. மேஸ்திரி தம் உறவினர் பிள்ளையை அழைத்துச் சென்று பழக்குகிறார். நம் பிள்ளையை அழைத்துச் செல்வார் இல்லை. அவ்வாறு அழைத்துச் செல்லும் உறவாகச் சங்கம் விளங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பழகுநர் இடங்களில் நமக்கு ஒதுக்கீடு வந்தது. சட்டம் இடத்தை ஒதுக்கும். கருவியைக் கையில் கொடுத்து நுணுக்கம் சொல்லித் தருபவர் மூத்த தொழிலாளியே. ஆகவே, சேதராப்பட்டு முதலிய தொழிற்பேட்டைகளின் சங்கங்கள் ஒவ்வொன்றும், ஆண்டுதோறும் அவ்விடங்கள் நிரம்பினவா என நிர்வாகத்திடம் கணக்குக் கேட்கட்டும். மூத்த வெல்டர், பிட்டர் ஒவ்வொருவரும் நம் இளைஞர் ஒருவரையேனும் உடன்வைத்துப் பழக்கட்டும். சங்கப் பொறுப்புகளிலும் நம்மவர் அமரட்டும்.

பெற்றோர்களே! கைத்தொழில் என்றதும் உங்கள் உள்ளம் அஞ்சுவதை அறிவோம். சாதி நம்மீது சுமத்திய தொழில் வேறு. நாமே விரும்பிக் கற்று, சான்றிதழும் கூலியும் மதிப்பும் பெறும் தொழில் வேறு. முன்னதிலிருந்து விடுபடப் பின்னது ஒரு படியாகும்.

மற்றொன்றும் உண்டு. நம்மினும் பின்தங்கிய இருளர் குடியினர், புதுவையில் 2016இல்தான் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றனர். நமக்குக் கேட்கும் நீதியை அவர்களுக்கும் சேர்த்தே கேட்போமாக.

ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆலை மூடினாலும் கற்ற தொழில் கைவிட்டுப் போகாது. அதனை நம் பிள்ளைகளுக்குப் பெற்றுத்தர, கழகமும் சங்கமும் கைகோத்து உழைக்க வேண்டுமெனக் கேட்டு அமைகின்றோம்.