நீரிழிவும் மருந்தாராய்ச்சியும்

(கீரனூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதி, மாணவர் உதவி, மணவினைச் செலவு ஆகியவற்றைப் பற்றியே நமது மேடையில் பெரிதும் பேசப்பட்டு வருதல் வழக்கம். இன்று ஒரு வியாதியைப் பற்றியும், அதற்குரிய மருந்துகளைக் குறித்து நிகழ்ந்துள்ள ஆராய்ச்சிகளைப் பற்றியும் பேசப் புகுந்துள்ளோம். சங்கத்திற்கும் வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். நெருங்கிய சம்பந்தமே உண்டு. நீரிழிவு குடும்பவழியே தொடரும் இயல்புடையது. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் மக்களுக்கு வரும் அபாயம் மிகுதி. இருவருக்கும் இருப்பின் அதனினும் மிகுதி. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் கொண்டுவரும் நம்மவரிடையே, நிலமும் நகையும் கைமாறுவது போலவே இந்நோயின் வித்தும் கைமாறி வருகின்றது. குடும்பங்களின் சேமநலம் பேணுதல் சங்கத்தின் கடமையாயின், இதுவும் அக்கடமையுள் அடங்கியதே.

நோயின் பரப்பை முதலிற் காண்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், நாடெங்கும் ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்துச் செய்யப்பட்ட கணக்கு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி நம் தேசத்தில் நீரிழிவுற்றோர் தொகை பத்துக் கோடிக்கு மேல். நோயின் வாயிலில் நிற்போர், அதாவது இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தும் நோய் என்னும் எல்லையை எட்டாதோர், பதின்மூன்று கோடிக்கு மேல். இவ்விரண்டாங் கூட்டத்தாரை மனத்தில் இருத்துமாறு வேண்டுகின்றோம். இன்று யாம் கூறவிருக்கும் முக்கியமான செய்தி அவர்களைப் பற்றியதே.

இந்நோயின் தன்மையைச் சுருங்கச் சொல்லுவோம். நாம் உண்ணும் சோறும் களியும் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கின்றன. அச்சர்க்கரையைத் தசைகளுக்குட் செலுத்தும் திறவுகோல், கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் திறவுகோல் இருந்தும் பூட்டு எளிதில் திறவாது. கல்லீரலோ தன் கையிருப்புச் சர்க்கரையை வேண்டாத வேளையிலும் இரத்தத்தில் இறைத்துக்கொண்டிருக்கும். நாளடைவில் கணையமும் ஓய்கின்றது. பல ஆண்டுகள் வலி தோன்றாமையின் நோயாளி தம்மைச் சுகவாசியென்றே எண்ணியிருப்பார். அதற்குள் கண்ணும் சிறுநீரகமும் காலின் நரம்பும் இருதயமும் பழுதுபடும்.

இனி மருந்துகளின் வரலாறு. ஐரோப்பாவில் கலீகா என்றொரு செடியை நாட்டு வைத்தியர் பண்டைக்காலத்திலேயே கையாண்டு வந்தனர். அதிலுள்ள சத்தோடு தொடர்புடைய ஒரு பொருள் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது 1918-இல் அறியப்பட்டது. அவ்வினத்தைச் சேர்ந்த மெட்பார்மின் 1922-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து இரசாயன சாலையில் ஆக்கப்பட்டது. ஆனால் இன்சுலின் மனிதருக்கு முதன்முதல் ஏற்றப்பட்டதும் அதே ஆண்டேயாதலின், உலகின் கண் முழுவதும் இன்சுலினையே நோக்கிற்று. மெட்பார்மின் மூலையிற் கிடந்தது. 1957-இல் பிரான்சு தேசத்து ஜான் ஸ்டேர்ன் என்னும் மருத்துவர் அதனை நோயாளிகளுக்கு அளித்துக் கண்ட பயனை வெளியிட்டார். ஐக்கிய இராச்சியத்தில் நெடுங்காலம் நடைபெற்ற பெரும் ஆராய்ச்சியின் முடிவு 1998-இல் வெளிவந்தது. பருத்த உடலினரான நோயாளிகளுக்கு முதல் மருந்தாக மெட்பார்மின் கொடுத்ததில், நீரிழிவு காரணமான மரணம் நூற்றுக்கு 42 பங்கு குறைந்தது என்று அது காட்டிற்று. அன்றுமுதல் இம்மலிவான மாத்திரையே உலகெங்கும் முதல் மருந்தாக வழங்கி வந்திருக்கின்றது. அது கல்லீரல் வெளியிடும் சர்க்கரையை முக்கியமாகக் கட்டுப்படுத்துகின்றது.

மேனாட்டார் உடலிற் கண்ட முடிவு நம் உடலுக்குப் பொருந்துமோ என்னும் ஐயம் நியாயமானது. நம்மவர் ஒல்லியாயிருந்தும் நோயுறுகின்றனர், இளமையிலேயே நோயுறுகின்றனர். இவ்வையத்திற்கு விடை கண்டது நம் சென்னை நகரமே. அங்கே 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். பின்னர் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டார். அம்மரபில் வந்த டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளியாயிற்று.

நோயின் வாயிலில் நின்ற 531 பேரை அவர்கள் தேர்ந்தனர். சராசரி வயது 46. அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கினர். முதற் பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டுமே. இரண்டாம் பிரிவினருக்கு உணவிலும் உழைப்பிலும் ஒழுங்கு: சர்க்கரையையும் கொழுப்பையும் தீட்டிய தானியத்தையும் குறைத்து, நார்ப்பொருள் மிகுந்தவற்றை உண்ணல், உட்கார்ந்து தொழில் செய்வோர் நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடத்தல். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின். நான்காம் பிரிவினருக்கு ஒழுங்கும் மருந்தும் சேர்த்து. அமெரிக்காவில் இத்தகைய சோதனையில் நாளொன்றுக்கு 1700 மில்லிகிராம் மருந்து அளித்தனர். நம்மவருக்கோ 500 மில்லிகிராமே, இரு வேளையாகப் பிரித்து அளிக்கப்பட்டது.

மூன்றாண்டு அளவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் முழு நோயாளிகளாயினர்! அமெரிக்கச் சோதனையில் இத்தகையோர் நூற்றுக்கு 29 பேரே. நம் இரத்தத்தில் இந்நோய் எத்துணை விரைந்து நடக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆனால் ஒழுங்கைக் கைக்கொண்டோரில் அத்தொகை 39, மருந்துண்டோரில் 40, இரண்டையும் கொண்டோரிலும் 39-க்குச் சிறிது மேல். அமெரிக்காவில் மருந்தினும் ஒழுங்கே பெரிதும் வென்றது. இங்கே ஒழுங்கும் சிறிதளவு மருந்தும் சமமாக நின்றன. இரண்டையும் சேர்த்தும் மேலதிகப் பயன் காணப்படவில்லை. பின்னர் 2009-இல் வெளிவந்த சோதனையில், ஒழுங்கோடு பயோக்ளிட்டசோன் என்னும் வேறு மருந்தைச் சேர்த்துப் பார்த்தனர். அதிலும் மேலதிகப் பயன் கிட்டவில்லை.

இதனால் யாம் கொள்ளும் கருத்து ஒன்றே. நோயின் வாயிலில் நிற்பவருக்குத் தினந்தோறும் அரைமணி நேர நடையும் வயிற்றிற்கிட்ட ஓர் அளவும், மருந்துக்கடையில் விற்கும் மாத்திரைக்கு நிகரான மருந்தாகும். உடலெடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே அப்பயன் கிட்டிற்று என்பது நம் ஒல்லியான அன்பர்கள் கவனிக்கத் தக்கது.

இதனைக் கேட்டு, ஏற்கெனவே நோயுற்றவர்கள் நடை போதும், மாத்திரை வேண்டா எனத் துணிந்துவிடலாகாது. அச்சோதனை வாயிலில் நின்றோரைப் பற்றியது; வீட்டினுட் புகுந்துவிட்ட நோயைப் பற்றியதன்று. நோயுற்றோருக்கு ஒழுங்கும் மருந்தும் இரண்டு கால்கள். ஒன்றை மடக்கி நொண்டலாகாது. நம்மவருட் சிலர் சர்க்கரை குறைந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். குறைந்தது மாத்திரையினாலன்றோ? வேறு சிலர் மாத்திரை உண்டோம் என்னும் துணிவால் கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறையும் பாயசம் கேட்கின்றனர். இன்னுஞ் சிலர் சந்தையில் விற்கும் பெயரறியாப் பொடியை நம்புகின்றனர். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஆங்கில மருந்துகளே மறைத்துக் கலக்கப்பட்டிருந்தமை சோதனைகளில் வெளிப்பட்டதுண்டு. அளவறியா மருந்தினும் அபாயம் வேறில்லை.

மருந்தின் குணத்தோடு குற்றத்தையும் அறிதல் நலம். மெட்பார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். நெடுநாள் உண்போருக்கு பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறையலாம். சிறுநீரகம் மிகத் தளர்ந்தவருக்கு அது ஆகாது. 1942-இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் விஷசுரத்திற்குக் கொடுத்த மருந்தொன்று நோயாளிகளின் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தியதைக் கண்டனர். அதிலிருந்து பிறந்ததே கிளிபென்கிளமைடு முதலிய மாத்திரைகளின் குடும்பம். இவை கணையத்தைத் தூண்டுவன. உண்ணாதிருப்பின் வியர்வை, நடுக்கம், மயக்கம் விளைப்பன. ஆதலின் தைப்பூசத்திற்கு விரதமிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் அன்பர்கள், இம்மாத்திரை உண்போராயின், புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து அளவை மாற்றிக்கொள்ளல் வேண்டும். மடியில் சிறிது வெல்லம் இருக்கட்டும்.

புதிய மருந்துகளும் வந்துள்ளன. சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாக்ளிபுளோசின், இருதய நோயுள்ள நீரிழிவினரிடையே இருதய மரணத்தை நூற்றுக்கு 38 பங்கு குறைத்தது என 2015-இல் அறியப்பட்டது. விலையால் எட்டாதிருந்த அம்மருந்து, 2025 மார்ச்சில் அதன் உரிமைக்காலம் நம் தேசத்தில் முடிந்தபின், உள்நாட்டுக் கம்பெனிகள் பலவும் செய்யத் தொடங்கியமையால் பெரிதும் விலை தாழ்ந்தது. பசியைத் தணித்து எடையைக் குறைக்கும் ஊசிமருந்துகளும் வந்துள்ளன. எது யாருக்கு ஏற்றதென்பது மருத்துவர் முடிவு செய்யத்தக்கது. அடுத்த வீட்டார் உண்கின்றனர் என்பது காரணமாகாது.

முடிவாகச் சில வேண்டுகோள்கள். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும், குடும்பத்தில் நோயிருப்பின் அதற்கு முன்னரும், ஆண்டுக்கொருமுறை இரத்தம் சோதித்துக்கொள்க. குளுகோஸ் நீர் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்கையில் அளவு 140-க்கும் 199-க்கும் இடைப்பட்டிருப்பின், அவரே வாயிலில் நிற்பவர். அன்றே நடக்கத் தொடங்குக. நோயுற்றோர்க்கு அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி வீட்டிற்கே வந்து கொடுக்கவும் படுகின்றது. இதனை வாங்குவதில் இழிவு யாதுமில்லை. சங்கத்தார் ஆண்டு விழாவன்று ஒரு சோதனை முகாம் நடத்துவார்களாக. விருந்தில் இனிப்பொன்றைக் குறைத்துக் கம்பு, சோளம் முதலிய நம் மண்ணின் தானியங்களுக்கு இலையில் இடமளிப்பார்களாக. ஆயினும் தானியம் எதுவாயினும் அளவு முக்கியம் என்பதை மறவற்க.

நம் முன்னோர் வயலில் நடந்தனர்; யாரும் அவர்களுக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாம் மோட்டார் வாகனத்தில் கடைத்தெருவுக்குச் செல்கின்றோம். நூற்றுக்கு 55-ஐ 39 ஆக்கும் வழியை நம் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளரே நமக்குக் காட்டியிருக்கின்றனர். அந்தப் பதினாறு பேர் யாவர்? நம் தம்பியர், நம் தங்கையர், நம் மக்கள். அவர்களைக் காத்தல் நம் கையில் உள்ளது.