வீட்டில் ஓர் ஒலிப்பதிவு அறை



இசை பயிலும் இளைஞர் பலர் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய எவ்வளவு பணம் வேண்டும்?" விடை கூறுமுன் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். ஆசிரியன் தன் பிழையை மறைத்தால் மாணவன் அதனையே மீண்டும் செய்வான்.

என் தமக்கையார் நடவுப் பாட்டுகளும் தாலாட்டுகளும் நிரம்ப அறிந்தவர். நான் ஓய்வு பெற்றதும் விலையுயர்ந்த ஒலிவாங்கி ஒன்றை வாங்கி, எங்கள் வீட்டுக் கூடத்தில் அவரைப் பாடச் செய்தேன். சிமெண்டுத் தரை, வெறுஞ் சுவர்கள், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி. ஒலிவாங்கியோ அவருக்கு மூன்று முழத் தொலைவில் இருந்தது. பதிவைக் கேட்ட அவர் நகைத்து, "ஏண்டா தம்பி, பாடினது நானா, காற்றாடியா?" என்றார். "அடுத்த முறை செம்மையாகச் செய்வோம், அக்கா" என்றேன். அடுத்த முறை வரவில்லை. அவ்வாண்டு மாரிக்காலத்திலேயே அவர் மறைந்தார்.

குற்றம் கருவியுடையதன்று; இடத்தை எண்ணிப் பாராத என்னுடையது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. அது வெறுஞ் சுவரில் மோதித் திரும்பிப் பாடுவோர் குரலோடு கலந்துவிடும். கலந்தபின் பழுதின்றிப் பிரித்தெடுத்தல் அரிது.

ஆகவே, முதலில் அறையைத் தேர்ந்தெடுங்கள். மெத்தையும் துணிமணிகளும் நூலடுக்கும் நிறைந்த சிறு படுக்கையறை நன்று. பாடுவோருக்குப் பின்னே தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். அவை எதிரொலியைக் குறைக்குமேயன்றித் தெருவின் இரைச்சலைத் தடுக்கமாட்டா. அதற்கு விடியற்காலையே மருந்து. மின்விசிறியை நிறுத்த மறவாதீர்.

இரண்டாவது, தொலைவு. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் போதும். தொலைவு இருமடங்கானால் நேரே வரும் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். அறையின் எதிரொலியோ அவ்வாறு குறைவதில்லை. மூச்சுக்காற்று மோதாவண்ணம் ஒலிவாங்கியைச் சிறிது பக்கவாட்டில் வையுங்கள்.

மூன்றாவது, அளவு. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் கணினி மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்குமாறு அதனை அமைத்தால் போதும். மனிதச் செவி கேட்கும் உச்ச அதிர்வு ஏறத்தாழ 20,000. அதனைப் பதிய இருமடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும் என்பதே அவ்வெண்ணின் காரணம். மிக உரத்த இடத்திலும் அளவுமானி உச்சத்தைத் தொடாதிருக்கட்டும். உச்சியில் வெட்டுண்ட ஒலி மீள்வது கடினம்.

எளிய கருவி எள்ளத்தக்கதோ? அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், நான்கு தடங்கள் கொண்ட காசெட் கருவியில் தம் பாடல்களைப் பதிந்தார். பின்னர் இசைக்குழுவினரோடு ஸ்டூடியோவில் அவற்றைப் பாடிப் பார்த்தார், மனம் நிறையவில்லை. வீட்டில் பதிந்தவற்றையே 'நெப்ராஸ்கா' என்னும் பெயரால் அவ்வாண்டே வெளியிட்டார்.

இப்பொழுது உங்கள் கேள்விக்கு விடை கூறலாம். கையிலுள்ள தொலைபேசியைக் கொண்டே தொடங்குங்கள். பணம் சேர்ந்ததும் முதலில் நல்ல செவிப்பொறி வாங்குங்கள். குறையைக் கேட்டறிந்தால்தானே திருத்த இயலும்? ஒலிவாங்கி அதன் பின்னரே. பதிந்ததைச் சுருக்காத கோப்பாக இரண்டு இடங்களில் காத்து வையுங்கள்.

உங்கள் இல்லத்தில் பாட்டு அறிந்த முதியோர் உளரெனில், கருவி வாங்கும் நாள்வரை காத்திராதீர். இந்த வாரமே அவரைச் சிற்றறையில் அமர்த்திப் பாடச் செய்யுங்கள். என் கூடத்துப் பதிவை நான் இன்றும் கேட்பதுண்டு. காற்றாடியின் இரைச்சலுக்கு இடையே என் தமக்கையார் குரலைத் தேடுகின்றேன். உங்களுக்கு அவ்வருத்தம் வேண்டா.