மருந்தின் நான்காம் கூறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

‘குடும்பமும் மருத்துவமும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். கடல் போன்ற பொருள் அது. அதில் ஒரு துறையில் மட்டும் இறங்கிப் பார்க்க விழைகின்றோம். இளங்குழந்தை ஒன்று அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுங்கால் அதன் குடும்பம் படும் பாடு யாது? அப்போது பெற்றோர் செய்யத்தக்கது யாது? பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டு மைசூரில் வந்து வாழும் நாம் ஒருவருக்கொருவர் செய்யத்தக்கது யாது? இவை மூன்றுமே நம் பேச்சின் பொருள். மருத்துவக் கல்வி நமக்கு இல்லை. ஆனால் அறுவைக் கூடத்தின் வாசலில் காத்து நின்ற பழக்கம் இங்குள்ளோர் பலருக்கும் உண்டு. அவ்வாசலில் நின்றோர் என்ற முறையிலேயே பேசத் துணிகின்றோம்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து என்பது. அவ்வதிகாரத்தை முடிக்கும் 950ஆம் குறளில் வள்ளுவர் பெருமான் மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்று எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பவை அந்நான்கும். முதல் மூன்றும் எவர்க்கும் எளிதில் விளங்கும். நான்காம் கூறு என்ன என்பது, நோயுற்றவன் பேச்சறியாத குழந்தையாயிருக்கும்போதுதான் முழுமையாக விளங்குகிறது. குழந்தைக்குத் தன் நோயின் பெயர் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஏன் ஊசி போடுகிறார்கள் என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: அம்மா அருகில் இருக்கிறாளா, இல்லையா என்பது.

‘குழந்தைக்கு அறுவை செய்தாக வேண்டும்’ என்று மருத்துவர் சொன்ன அந்நொடியில் வீடு கலங்கிப் போகிறது. மருத்துவருக்குச் சிறிய அறுவை, பெரிய அறுவை என்று உண்டு. பெற்ற வயிற்றுக்கு அப்பாகுபாடு இல்லை. ‘பால் மணம் மாறாத உடம்பில் கத்தி படலாமா? ஒரு மண்டலம் பார்ப்போமே, தானாகச் சரியாகிவிடும்’ என்று பாட்டி சொல்கிறாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கப்படுகிறது. வேண்டுதல் தவறன்று, சாமுண்டி அன்னையின் அடியில் வாழும் நாம் அதைக் குறை கூறோம். ஆனால் வேண்டுதல் காலத்தைக் கடத்தும் சாக்காகிவிடக் கூடாது. எடுத்துக்காட்டாகக் குடலிறக்கத்தைக் கூறுவோம். கைக்குழந்தையின் தொப்புளில் தோன்றும் புடைப்புப் பெரும்பாலும் நான்கைந்து வயதிற்குள் தானே மறைந்துவிடும். அடிவயிற்றின் கீழே, தொடை சேருமிடத்தில் தோன்றும் குடலிறக்கமோ தானே மறைவதில்லை. குடல் அதில் சிக்கி இரத்த ஓட்டம் தடைப்பட்டால் உயிருக்கே கேடு. பார்வைக்கு இரண்டும் வெறும் புடைப்பே. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். நாமும் அல்லோம், அண்டை வீட்டாரும் அல்லர்.

நாள் குறித்தாயிற்று, குழந்தையிடம் என்ன சொல்வது? ‘கடைத்தெருவிற்குப் போகிறோம்’ என்று ஏமாற்றி அழைத்துச் செல்வது நம்மவரிடையே பெருவழக்கம். அது வேண்டாம் என்கின்றோம். மூன்று வயதுக் குழந்தைக்கும் உண்மையைச் சிறு சொற்களில் சொல்ல முடியும். ‘உனக்கு வயிற்றில் நோவு இருக்கிறது, டாக்டர் மாமா தூங்க வைத்துச் சரி செய்வார், விழிக்கும்போது சிறிது வலிக்கும், நாங்கள் அருகில் இருப்போம்’ என்றால் போதும். ஏமாற்றப்பட்ட குழந்தை ஊசியைவிடத் தாயையே கண்டு அஞ்சத் தொடங்கும்.

அடுத்தது பட்டினி. மயக்க மருந்து கொடுக்குமுன் குழந்தையின் வயிறு வெறுமையாக இருத்தல் வேண்டும். கெட்டி உணவும் பசும்பாலும் 6 மணி நேரத்திற்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும் என்பது பொது விதி. தண்ணீருக்குரிய நேரத்தை மருத்துவர் தனியே குறிப்பார். மயக்கத்தில் இருமும் ஆற்றல் அடங்கிவிடும். அப்போது வயிற்றிலுள்ளது மேலெழுந்து மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் பழுதாகும், உயிரும் போகலாம். இக்காரணத்தை வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும், சிறப்பாகப் பாட்டிமார்க்கு, முன்னரே விளக்கிச் சொல்லல் வேண்டும். ‘பச்சைக் குழந்தை பசியால் துடிக்கிறதே’ என்று இரக்கத்தால் ஊட்டும் ஒரு வாய்ப் பால் அன்றைய அறுவையையே தள்ளிப்போடச் செய்யும். ஊட்டியதை மறைத்தாலோ விளைவு கொடிதாகும். அன்பிற்கும் அறிவு துணை வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பிரிவைப்பற்றிச் சில சொற்கள். மேலைநாடுகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பெற்றோர் வீட்டிற்குப் போய்விட வேண்டும். குறித்த நேரத்தில்தான் வந்து பார்க்கலாம். தாயைக் கண்டால் குழந்தை அழும், காணாவிட்டால் அமைதியாக இருக்கும் என்பது அவர்கள் கூறிய காரணம். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டரை வயதை எட்டாத ஒரு சிறுமி, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக 8 நாட்கள் மருத்துவமனையில் இருந்ததை உள்ளவாறே படம் பிடித்தார். அச்சிறுமி பெரிதாக அழவில்லை. ஆனால் நாளாக ஆக வாடினாள். தாய் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அமைதி என்று மருத்துவமனை எண்ணியது உண்மையில் குழந்தையின் துயரம் என்பதை அப்படம் காட்டிற்று. 1959இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழுவினர், பெற்றோர் குழந்தையைத் தடையின்றிப் பார்க்க வேண்டும், இளங்குழந்தையுடன் தாய் தங்க வசதி வேண்டும் என்று அறிக்கை அளித்தனர்.

அன்பர்களே, நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் தாய் குழந்தையின் கட்டிலிலேயே ஒண்டிப் படுத்துறங்குவது பழங்காட்சி. அதை நெரிசல் என்று நாம் முகம் சுளித்ததுண்டு. அந்நெரிசலில் ஓர் அறிவு இருந்தது என்பதை மேலைநாட்டார் ஆராய்ந்து கண்டனர். ஆயினும் இரவெல்லாம் அவ்வாறு ஒண்டிக் கிடக்கும் தாய்க்கு ஒரு வாய்ச் சோறு கொணர்வார் யார்? அவள் ஒரு நாழிகை கண்ணயரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் யார்? இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

அறுவைக் கூடத்தின் கதவு மூடியபின் பெற்றோர்க்குச் செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதே வேலை. ஆனால் கதவிற்கு உள்ளேயே சென்று, குழந்தையின் பக்கத்தில் படுத்த தந்தையும் உண்டு. அமெரிக்காவில் மின்னெசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1954 மார்ச் 26ஆம் நாள், வால்டன் லில்லெஹை என்னும் அறுவை மருத்துவர், இதயத்தின் கீழறைச் சுவரில் துளையுடைய ஓர் ஆண்குழந்தையின் இதயத்தைத் திறந்து துளையை மூடினார். அதுவரை இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்தது எது? அடுத்த மேசையில் படுத்திருந்த தந்தையின் உடல்! குழந்தையின் இரத்தம் குழாய் வழியே தந்தையின் உடலுட் சென்று, தூய்மையடைந்து மீண்டது. அறுவை வென்றது, எனினும் 11ஆம் நாள் நுரையீரல் நோயால் அக்குழந்தை இறந்தது. மருத்துவர் தளரவில்லை, பெற்றோரும் தளரவில்லை. இம்முறையில் 45 நோயாளிகளுக்கு அறுவை நடந்தது. அவர்களுள் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். உடலைத் துணையாகத் தந்தோருள் ஒருவரும் இறக்கவில்லை. 1955இல் டிவால் என்னும் இளம் மருத்துவருடன் சேர்ந்து லில்லெஹை அமைத்த எளிய கருவி அந்தத் தந்தையின் இடத்தை ஏற்றுக்கொண்டது. இன்று இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையில் இயங்கும் பொறி எதுவாயினும், அதன் இடத்தில் ஒரு காலத்தில் பெற்றவரே படுத்திருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

அத்தந்தையைப்போல் இன்று நாம் செய்யக்கூடியது உண்டா எனின், உண்டு, அது இரத்தம். குழந்தையின் உடலில் எடைக்குத் தக்கபடி கிலோவிற்கு ஏறத்தாழ 80 மில்லி லிட்டர் இரத்தமே உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தம் 800 மில்லி லிட்டர்தான். பெரியவர்க்குப் பொருட்டாகாத இழப்பும் அதற்குப் பேரிழப்பு. ‘எங்கள் பிள்ளைக்கு எங்கள் இரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பெற்றோர் கையை நீட்டுகின்றனர். ஆனால் நெருங்கிய உறவினரின் இரத்த அணுக்கள் சிலபோது குழந்தையின் உடலையே தாக்கக்கூடும் என்பதால், கதிர்வீச்சால் பதப்படுத்தாமல் அதனை ஏற்றுவதை மருத்துவர் தவிர்க்கின்றனர். ஆகவே இரத்த உறவு இல்லாதவரின் இரத்தமே இங்குச் சிறந்ததாகிறது! விலைக்கு இரத்தம் கொடுப்பதும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பையொட்டி 1998 ஜனவரி முதல் நம் நாட்டில் நின்றுவிட்டது. எனவே பிறர் மனமுவந்து கொடுத்தாலன்றி வழியில்லை. 18 வயது நிரம்பிய, 45 கிலோ எடைக்குக் குறையாத, நோயற்ற ஆடவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், மகளிர் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

உறவல்லாதார் உறவாகிய ஒரு நிகழ்ச்சி நம் கர்நாடக மண்ணிலேயே நடந்துள்ளது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டபின் இந்தியாவிற்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பேருந்தும் நின்றது. 2003 ஜூலை 11ஆம் நாள் அது மீண்டும் ஓடியபோது, லாகூரிலிருந்து வந்த பேருந்தில் இதயத்தில் துளைகளோடு ஓர் இரண்டரை வயதுப் பெண்குழந்தை பெற்றோருடன் வந்தாள். நூர் பாத்திமா என்பது அவள் பெயர். பெங்களூரில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயாவில் அம்மாதமே அறுவை நடந்தது, குழந்தை பிழைத்தாள். நாடெங்குமிருந்து வாழ்த்துகளும் பரிசுகளும் வந்து குவிந்தன. கோயிலிலும் மசூதியிலும் தேவாலயத்திலும் மக்கள் அக்குழந்தைக்காக வேண்டினர். அயல்நாட்டுப் பிள்ளைக்கு இந்நாடே அருகிருந்து உதவுபவராயிற்று. வள்ளுவர் கூறிய நான்காம் கூறு எவ்வளவு விரியக்கூடியது என்பதற்கு இது சான்று.

மைசூரில் மருத்துவத்திற்குக் குறைவில்லை. 1924இல் பெங்களூரில் தொடங்கி 1930இல் இங்கு வந்த மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனையும், மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா மருத்துவமனையும் உள. இதய நோய்க்கு ஜெயதேவா மருத்துவமனையின் கிளை கே.ஆர்.எஸ். சாலையில் உள்ளது. பெங்களூரும் ரயிலில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான். இதய அறுவைக்காகச் செல்லும் நோயாளிக்கு ரயில் கட்டணத்தில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு முதலியவற்றில் நூற்றுக்கு 75 பங்கு சலுகை உண்டு. மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும். உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை கிடைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். அருகிருப்பவரும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை ரயில்வே சட்டமும் ஏற்றுள்ளது!

எனவே குறைவு மருத்துவத்தில் இல்லை. நான்காம் கூற்றில்தான் உள்ளது. சொந்த ஊராயின் சித்தியும் அத்தையும் முறைவைத்து வந்திருப்பர். தாய்மாமன் மருத்துவமனைத் திண்ணையை விட்டு நகரமாட்டான். இங்கோ தந்தை மருந்துக் கடைக்கு ஓடினால் கையொப்பமிட ஆள் இல்லை. தாய் உள்ளே இருந்தால் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இல்லை. தாதி கன்னடத்தில் சொல்லும் முக்கியமான சொல் ஒன்று புதிதாக வந்த தாய்க்கு விளங்குவதில்லை. முன்னர் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே: அந்தச் சித்தியும் அத்தையும் மாமனும் நாம்தான்.

ஆதலின் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, காலனியில் இரத்தம் கொடுக்க இசைந்தோரின் பெயரும் இரத்த வகையும் அடங்கிய பட்டியல் ஒன்று சங்க நூலகத்தில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, எவ்வீட்டுக் குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்படினும், பகலுக்கு ஒருவரும் இரவிற்கு ஒருவருமாக முறை வகுத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவர் கன்னடம் நன்கறிந்தவராயிருத்தல் நலம். மூன்றாவது, அவ்வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் அண்டை வீட்டு டிபன் காரியர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூத்த பிள்ளைகள் அண்டை வீட்டில் உண்டு உறங்க வேண்டும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொங்கல் விழாவிற்கும் நாடகத்திற்கும் நாம் கூட்டும் ஆட்களில் பாதிப்பேர் போதும். தமிழை வளர்க்கக் கூடினோம், நன்று. தமிழ்க் குழந்தை ஒன்று மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது, அதன் தாய் பசியாறி, சற்று உறங்கி எழுந்த முகத்தோடு அருகில் இருக்குமாறு செய்வதும் தமிழ் வளர்ச்சியே ஆகும். அக்கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் கன்னடத் தாய் ஒருத்தி தனித்திருப்பாளாயின், நம் காரியரில் அவளுக்கும் ஒரு பிடிச் சோறு இருக்கட்டும். நமக்கு வாழ்வளித்த நாட்டிற்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.